அப்பா பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய காலை

சிங்கப்பூரில், சுவா சூ காங் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இன்று கார் கிளம்பவில்லை. என் கணவர் முன்மூடியைத் திறந்ததும் பேட்டரியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள், தோ பாயோ வீட்டில் எங்கள் சமையலறை முழுக்க இதே நாற்றம். எல்லைக்கு அப்பால் ஜொகூரில் அம்மாவின் அப்பாவான தாத்தாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று தொலைபேசி வந்த காலை அது. கார் பேட்டரி செத்திருந்தது. அப்பா அதைத் தூக்கிவந்து, தரையில் செய்தித்தாள் விரித்து வைத்து, ஆறு மூடிகளையும் கழற்றினார். காய்ச்சி வடித்த நீரை ஊற்றி சார்ஜரை மாட்டினார்.

“பஸ்ல போயிடலாம் லா,” என்றாள் அம்மா, பையைத் தோளில் மாட்டியபடி.

“உயிர் வந்துக்கிட்டிருக்கு. அவசரப்பட்டா உள்ள தட்டு வளைஞ்சிடும்.”

அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். அவள் பின்னாலேயே நானும் நடந்தேன். பேட்டரிக்குள் குமிழிகள் முணுமுணுத்தன.

“அதுக்கு நீங்க தண்ணி ஊத்துறீங்க. எங்கப்பா வாயில நான் ஒரு வாய் ஊத்த வேணாமா?”

சொல்லிவிட்டுத் தனியாகவே இறங்கிப் போய்விட்டாள்.

மதியம் கார் கிளம்பியது. எல்லைப் பாலத்தில் எங்களை முந்திச் சென்ற ஒவ்வொரு பேருந்தின் சன்னலிலும் அப்பா அம்மாவைத் தேடினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாத்தா அடங்கியிருந்தார். அம்மாவின் கையில் காலிப் பால் டம்ளர். அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

“வண்டி கிளம்பிடுச்சா?”

திரும்பிப் பார்க்கிறேன், கணவர் இன்னும் பேட்டரி மீது குனிந்திருக்கிறார். தேக்கா சந்தையில் மீன் வாங்கத்தான் கிளம்பினோம், அவசரம் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் ரயில் நிலையத்துக்குப் பாதி வழி நடந்து வந்துவிட்டேன்.