பன்னிரண்டு தலையும் தெரிய வேண்டும்

பாதுகாப்பாக வேலை செய்கிறோம் என்று படம் எடுக்கும் நேரத்தில், பாதுகாப்பை யார் பார்த்துக்கொள்வது? திருப்பூர்ப் பக்கம் தண்டவாள வேலை எடுத்திருக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் பாதுகாப்பு மேற்பார்வையாளராகச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இன்னும் விடை தெரியவில்லை.

வீட்டைப் பூட்டிய பிறகு, கேஸை அடைத்தேனா என்று இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பவள் நான். மகளின் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் அவளை வேனில் ஏற்றுவேன். இந்த வேலைக்கு இப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்று நேர்முகத் தேர்வில் பாராட்டினார்கள்.

தினமும் ஆட்களை ஹெல்மெட், ஆரஞ்சு ஜாக்கெட்டுடன் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, ஒன்பது மணிக்குள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஒருநாள் பாதையோரம் நிறுத்தி எடுத்தேன். 'தண்டவாளம் தெரியவில்லை. பதிவேட்டில் பன்னிரண்டு கையெழுத்து, படத்தில் பதினொரு தலை' என்று திருப்பிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள், தள்ளி நின்று ரயில் வருகிறதா என்று பார்த்து விசில் ஊதும் கொடிக்காரர்.

மறுநாள் எல்லோரையும் தண்டவாளத்தின் நடுவிலேயே நிறுத்தி, அவரையும் கூப்பிட்டேன்.

"ஏனுங் மேடம், நானும் வந்துட்டா வண்டிய ஆரு பாக்கறதுங்க?"

"ஒரே நிமிசங்ண்ணா."

தென்காசிக்காரர் ஒருவர் வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "சும்மா வாங்க அண்ணாச்சி. ஒங்க மூஞ்சியப் பாத்தா ரயிலே பயந்து நின்னுரும்லா."

கொடிக்காரர் வந்து நின்றார். படத்துக்குச் சிரிக்க வேண்டுமே என்று வாயிலிருந்த விசிலை எடுத்தார்.

பக்கத்துப் பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. போன் திரையில், அவர்களுடைய தலைகளுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம். படம் கெட்டுவிடுமே என்றுதான் முதலில் எரிச்சல் வந்தது. எடுத்தும் விட்டேன். பிறகுதான் கத்தினேன். பன்னிரண்டு பேரும் ஜல்லிச் சரிவில் விழுந்து உருள, ரயில் கடந்து போனது. சிராய்ப்புகளோடு போயிற்று.

மணி ஒன்பதாகப் போகிறதே என்று படத்தை அனுப்பினேன். 'சூப்பர். பன்னிரண்டும் தெளிவு. தினமும் இப்படியே' என்று பதில் வந்தது.

மயிரிழையில் தப்பினால் நிரப்ப ஒரு படிவம் உண்டு. அதில் 'பணியிடத்தை விட்டு நகர்ந்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நகரச் சொன்னவருக்குக் கட்டம் இல்லை.

"எம்பட பேர எழுதுனா நாளைக்கே ஊட்டுக்கு அனுப்பிருவாங்க கண்ணு" என்றார் கொடிக்காரர். "அதுக்குன்னு எழுதாமயும் உட்டறாதீங்க. நாளைக்கும் படம் எடுக்கோணுமல்லங்க?"

நான்கு நாளாகப் பாதைக்கு வெளியே நிறுத்தித்தான் எடுக்கிறேன். எல்லாம் 'அன்று எடுத்தது போல் எடுக்கவும்' என்ற குறிப்போடு திரும்பி வருகின்றன. கூப்பிட்டது நான்தான் என்று படிவத்தின் ஓரத்தில் எழுதலாம். என்னை அனுப்பிவிட்டு, அதேபோல் படம் எடுக்கிற இன்னொருவரை அமர்த்தினால்?

அவருடைய வேலையும் போகாமல், இப்படிப் படம் எடுப்பதும் நிற்கும்படி எப்படி எழுதுவது? இப்படி எழுதிப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.