ஒரே பல்லில் இரண்டு அடைப்புகள்

‘தை 6, செவ்வாய். காலையில் பனங்கிழங்கு. வலது கீழ்க் கடைவாயில், அடைத்த பல்லுக்கும் அதன் முன்னால் இருக்கும் பல்லுக்கும் நடுவே நார் சிக்கியது. எடுக்க இருபது நிமிடம். அடைத்து நாற்பத்தொன்பது நாள்.’

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. முந்திய பக்கங்களைப் புரட்டினால் மார்கழியில் முருங்கைக்காய், கீரைத்தண்டு, ஆட்டுக்கறி என்று ஒவ்வொன்றும் அதே சந்தில் சிக்கிய நாள் குறித்திருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். தேதி போடாமல் எதையும் விட முடிவதில்லை. ஆனால் இந்தப் பல்லைப் பற்றி இவ்வளவு எழுத வேறு காரணம் உண்டு. இடது பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப் பற்களையும் வருடங்களுக்கு முன்பே பிடுங்கியாயிற்று. மெல்லுவதெல்லாம் வலது பக்கம்தான். அங்கே இந்த ஒரு பல் போனால் மிச்ச நாளைக்குக் கஞ்சியும் குழைந்த சோறும்தான் கதி.

அதில் நெடுங்காலமாக வெள்ளி அடைப்பு இருந்தது. ஐப்பசிக் கடைசியில் கடலை மிட்டாய் கடித்தபோது பக்கச் சுவரோடு பெயர்ந்து வந்துவிட்டது. கார்த்திகை 16 அன்று ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து பஸ் ஏறி ராமநாதபுரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். இப்போதெல்லாம் வெள்ளி வைப்பதில்லை, பல் நிறத்திலேயே வைத்துவிடலாம் என்றார். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சுச் சுருள் இரண்டைத் திணித்தார். பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய எஃகுப் பட்டியை இறுக்கினார். பசையை ஒரே உருண்டையாக உள்ளே அழுத்தி நீல விளக்கைக் காட்டினார். பசை கல்லாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தது இருபத்தைந்து நிமிடம். கண்ணாடியில் பார்த்தால் எது பல், எது அடைப்பு என்று தெரியவில்லை. அன்று ‘திருப்தி’ என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். அந்த அடிக்கோட்டை இப்போது பார்த்தாலும் எரிச்சல் வருகிறது.

நான்காம் நாளே சிக்கல் தொடங்கியது. இரண்டு பற்களும் ஒன்றையொன்று தொட வேண்டிய இடத்தில் தொடவில்லை. பட்டி பல்லை நேராகச் சுற்றியதால் அடைப்பின் பக்கமும் சுவர் மாதிரி நேராக நின்றது. பக்கத்துப் பல்லின் வயிற்றைத் தொடும் வளைவு இல்லை. இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தை மாதம் இந்தப் பக்கத்தில் பனங்கிழங்கு இல்லாத வீடு கிடையாது. அவித்த கிழங்கை நீளவாக்கில் பிளந்து மெல்லும்போது நார் பல் நடுவே போவது எல்லாருக்கும் நடப்பது. மற்ற பற்களுக்கு நடுவே போன நார் இழுத்தால் தடங்கித் தடங்கி வரும். இந்தச் சந்தில் மட்டும் ஊசிக் காதில் நூல் போவதுபோல் போய் வந்தது. அதையே சோதனையாக வைத்துக்கொண்டேன். கிழங்கிலிருந்து நல்ல நாராக ஒன்று உருவி, வாரம் ஒருமுறை அந்தச் சந்தில் விட்டு இழுத்துப் பார்த்து எழுதினேன். தடங்கல் இல்லை. தடங்கல் இல்லை. தடங்கல் இல்லை.

தை 13 அன்று ராமநாதபுரம் மருத்துவரிடம் போய், நாட்குறிப்பைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு மேலே கொஞ்சம் ராவிவிட்டு, “சார், பனங்கிழங்க விட்டுட்டா எல்லாம் சரியாப் போகும். ஈறு தானா ஒக்காந்துக்கிரும்” என்றார். ஈறு எங்கே உட்காரும், எத்தனை நாளில் உட்காரும் என்று கேட்டேன். அடுத்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார். என் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வெளியே வந்து பார்த்தேன். ‘பின்பல், வெள்ளை.’ தேதியும் அந்த இரண்டு சொல்லும். எந்தப் பசை, எவ்வளவு ஆழம், அடியில் ஏதாவது பூச்சு வைத்தாரா, ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எரிச்சல் கூடியதே தவிரத் தெளிவு வரவில்லை. இந்தப் பசை இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் மெல்லிய அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் விளக்கில் இறுக்குவதுதான் முறை என்று ஒரு கட்சி. புதுப் பசைகள் மொத்தமாக வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை, அடுக்குகளுக்கு நடுவே காற்றோ எச்சிலோ போகும் ஆபத்தும் இல்லை என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: வேலை நடக்கும்போது பல் நனையக் கூடாது. என் வாயில் அந்தப் பஞ்சுச் சுருள்கள் பாதி வேலையிலேயே ஊறிப்போயிருந்தன. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் எழுதிவைக்கவில்லை.

மாசி 5 அன்று கீழக்கரைக்குப் போனேன். அங்கே வளைகுடாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார். அவர் வேலை செய்த விதம் முற்றிலும் வேறு. வாய் முழுவதையும் மறைத்து ஒரு ரப்பர் துணியை விரித்தார். அதிலிருந்த துளைகள் வழியாக இரண்டு மூன்று பற்கள் மட்டும் வெளியே எட்டிப்பார்த்தன. பழைய அடைப்பைக் குடைந்து எடுத்தார். முழுப் பல்லையும் சுற்றும் பட்டிக்குப் பதிலாக, சந்துப் பக்கம் மட்டும் வளைவான சின்னத் தகடு ஒன்றை நிறுத்தினார். ஈறோரம் ஒரு ஆப்பைச் செருகி, இரண்டு பற்களையும் லேசாகத் தள்ளிப் பிடிக்கும் கம்பி வளையம் ஒன்றை மாட்டினார். பிறகு பசையைச் சிறிது சிறிதாக வைத்து ஒவ்வொன்றுக்கும் விளக்கு. ஏழு தடவை விளக்கு எரிந்ததை எண்ணினேன். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆயிற்று. என் தாடை கழன்றுவிடும்போல் இருந்தது.

முடிவில் நீல நிறக் காகிதம் ஒன்றை நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னார். ஊசி போட்டதில் பாதி முகம் மரக்கட்டையாக இருந்தது. எது எதைத் தொடுகிறது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உயரமாக இருக்கிறதா என்று கேட்டார். ஒரு மணி நேரம் குனிந்து நின்று வேலை பார்த்தவர். வெளியே குழந்தையோடு ஒரு பெண் காத்திருந்தார். நான், “சரியா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்கு” என்றேன்.

“சார், மரத்துப்போன வாயி சொல்றத நான் நம்புறதில்ல. நாளைக்கிச் சாப்பிட்டுப் பாத்துட்டு போன் போடுங்க. ஏதும் ஒறுத்துச்சுன்னா வந்துருங்க, ரெண்டு நிமிச வேலதான்” என்றார் அவர்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன் போடவில்லை.

மறுநாள் சோற்றை மென்றால் அந்தப் பல்லில் சுரீர் என்றது. பனங்கிழங்கு நாரை விட்டுப் பார்த்தேன். உள்ளே போகவே மறுத்தது. போனது திரும்பி வரும்போது அறுந்தது. சந்து அடைபட்டுவிட்டது. ஆனால் மெல்ல முடியவில்லை. ராமநாதபுரத்து அடைப்பில் மெல்ல முடிந்தது, சிக்கியது. கீழக்கரை அடைப்பில் சிக்கவில்லை, மெல்ல முடியவில்லை. நான் என்ன செய்தேன்? நாட்குறிப்பில் நான்கு பக்கம் எழுதினேன். அடுக்கடுக்காக வைத்ததில் ஒவ்வோர் அடுக்கும் சுருங்கிப் பல்லின் சுவர்களை உள்ளே இழுத்திருக்க வேண்டும், வலி அதனால்தான், எனவே மொத்தமாக வைக்கும் முறையே நரம்புக்கு நல்லது என்று, படித்தவற்றையெல்லாம் கோத்து ஒரு முடிவுக்கு வந்தேன். இருபத்துமூன்று நாள் கஞ்சி குடித்தபடி அந்த முடிவைச் செப்பனிட்டேன். நரம்பு செத்துவிட்டால் வேர் சிகிச்சை, அதுவும் நிற்காவிட்டால் பிடுங்குவது என்பதுவரை கணித்துவைத்தேன்.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

“அந்தம்மா போன் போடத்தான சொன்னாக? போட்டீகளா?”

வேலையை முடித்துக் கொடுத்தவரிடம் குறை சொல்வது எப்படி என்றேன்.

“ஆமா, நீங்க தையக்காரர்ட்டயே அக்குள் இறுக்குதுன்னு சொல்ல மாட்டீக. சட்டைய எந்தம்பிக்குக் குடுத்துட்டு வந்து, துணி சரியில்லன்னு எழுதி வச்சிருப்பீக. பல்ல யாருக்குக் குடுக்கப் போறீக?”

எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான். முடி வெட்டியவர் கண்ணாடியைக் காட்டினால் தலையாட்டுவோம். சமைத்தவர் உப்புப் போதுமா என்று கேட்டால் போதும் என்போம். வைத்தியம் பார்த்தவரிடம் கேட்கவே வேண்டாம். முகத்துக்கு நேரே ‘நல்லா இருக்கு’, வீட்டுக்கு வந்த பிறகு அத்தனை புகாரும்.

மாசி 28 அன்று கீழக்கரை போனேன். இந்தத் தடவை ஊசி இல்லை. நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொன்னார். அடைப்பின் ஓரத்தில் கடுகளவு நீலப் பொட்டு அழுத்தமாக விழுந்தது. அதை மட்டும் ராவினார். மறுபடி கடித்தேன். மறுபடி ராவினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நாள் முழுக்க அந்தக் கடுகின் மேல் இடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

“இதுக்கா இருவத்திமூணு நாளு?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

ஏழாவது நாள் வறுத்த நெத்திலியை அந்தப் பக்கமே மென்றேன். வலி இல்லை. நாட்குறிப்பில் எழுதியிருந்த நான்கு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். ஆனால் எரிச்சல் தீரவில்லை. இரண்டு முறைகளை ஒப்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சந்து மூடியது வளைவுத் தகட்டாலும் வளையத்தாலும்தான் என்று நிச்சயமாகச் சொல்வேன். அடுக்கா, மொத்தமா என்பதைப் பற்றி என் பல் ஒரு சாட்சியும் சொல்லவில்லை. ரப்பர் துணி, தகடு, அடுக்கு எல்லாமே ஒரே நாளில் மாறின. எது எதைச் செய்தது என்று பிரிக்க வழியில்லை. போதாததற்கு, நடுவில் நான் சொன்ன ஒரு பொய்யும் சேர்ந்துகொண்டது.

மாசி 28 அன்று நான் கிளம்பும்போது கீழக்கரை மருத்துவர் தன் கைபேசியில் ஒரு படம் காட்டினார். ராமநாதபுரத்து அடைப்பைக் குடைந்து எடுத்தவுடன் பிடித்த படம். குழியின் அடியில், நரம்புக்கு மிக அருகே, பழுப்பாக ஒரு திட்டு. சுரண்டிப் பார்த்தபோது கெட்டியாக இருந்ததாம், அதனால் தோண்டாமல் விட்டு மேலே அடைத்தாராம். அது வெள்ளி அடைப்பு விட்டுப்போன பழங்கறை என்றால் பயமில்லை. ராமநாதபுரத்து அடைப்பின் ஓரமாக எச்சில் கசிந்து, அந்த எழுபத்தேழு நாளில் புதிதாக வந்த சொத்தையின் தொடக்கம் என்றால், பல்லைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பழங்கறை என்றே நினைக்கிறார். நிச்சயமாகச் சொல்லவில்லை.

ராமநாதபுரம் மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். வெள்ளி போன குழியை அடைத்த அன்று அடியில் கறை இருந்ததா என்று. தினமும் எத்தனையோ வாய் பார்ப்பவர், ஞாபகம் இல்லை என்றார். படமும் எடுக்கவில்லை. அன்று பசை வைக்கும் முன் அவர் கண்ணாடியைக் கொடுத்து உள்ளே பார்க்கிறீர்களா என்று கேட்டதும், நான் வேண்டாம், சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னதும் உண்மை. ஆகவே, கார்த்திகை 16 அன்று அந்தக் கறை அங்கே இருந்ததா இல்லையா என்பதை இதுவரை சரிபார்க்க முடியவில்லை.