சுடர்மதியின் வலது கால்

“அவ காலை மறைச்சிடுங்க சார். முழு பேன்ட் போட்டு விட்டா வேலை முடிஞ்சுது” என்றார் எடிட்டர், போனில்.

சென்னையில் வெளியாகும் சிறுவர் காமிக்ஸ் ஒன்றுக்கு, அன்னவாசலில் என் வீட்டிலிருந்தே படம் வரைகிறேன். அதன் நாயகி சுடர்மதி, பறக்கும் சக்தி உள்ளவள். முதலில் அவளுக்குப் பட்டுப்பாவாடையும் முதுகில் பறக்கும் நீளத் துணியும் கொடுத்தோம். அவள் பறக்கும் படக்கட்டங்களில் பாவாடையை வரைய முடியாமல் திண்டாடி, பேன்ட்டுக்கு மாறினேன். பிறகு விற்பனைப் பிரிவு சொன்னதால் இடுப்பு சிறுத்தது, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. வாங்குகிறவர்களுக்கு எது பிடிக்கும் என்பதே ஒவ்வொரு முறையும் பேச்சு.

இந்த முறை கதாசிரியர், ஒரு சண்டையில் சுடர்மதியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டதாக எழுதியிருந்தார். இனி அவளுக்குச் செயற்கைக் கால். நான் அரைக் கால்சட்டை போட்டு, பளபளக்கும் உலோகக் காலாக ஸ்கெட்ச் அனுப்பினேன். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று எடிட்டருக்குக் கவலை. மறைத்தால் கதையே பொய்யாகிவிடும் என்றேன். “அப்ப வேற ஆர்ட்டிஸ்ட்டதான் பாக்கணும்” என்றார். வீட்டுச் சாப்பாடே அந்த வேலையில்தான் ஓடுகிறது.

என் மனைவி வேலை பார்க்கும் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை ஸ்டெல்லா, விபத்தில் ஒரு காலை இழந்து செயற்கைக் கால் பொருத்திக்கொண்டவர். மனைவியோடு ஆவூரில் அவர் வீட்டுக்குப் போனேன். எப்படிக் கேட்பது என்று தயங்கினேன்.

“சும்மா கேளுங்கண்ணே” என்றார். “கோயிலுக்குச் சேலை கட்டிக்கிட்டுப் போவேன், காலு தெரியாது. கிரவுண்டுக்கு வந்தா பேன்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டி விட்டுக்குவேன். ஓடுறப்ப அந்தக் காலு பெல்ட்டு லூசாச்சுன்னா ஒடனே இறுக்கணும்ல? காட்டணும்னும் இல்ல, மறைக்கணும்னும் இல்ல. எனக்குத் தோதா இருந்தாப் போதும்.”

“பிள்ளைக பயப்படலையா, டீச்சர்?”

“மொத நாளு உத்து உத்துப் பாத்துச்சுக. மறுநாளு, ‘டீச்சர், பந்த எடுங்க, நேரமாச்சு’ன்னுச்சுக.”

வீட்டுக்கு வந்து முழுவதையும் அழித்தேன். சுடர்மதிக்கு முழு பேன்ட். பறக்கும்போது மட்டும் வலது பக்கத்தைச் சுருட்டிக்கொள்வாள். உலோகப் பளபளப்பு போய், பெல்ட்டும் கேன்வாஸ் ஷூவும் வந்தன. அனுப்பியதும் எடிட்டர் கூப்பிட்டார். “கவர்ல மட்டும் மூடிடுங்க சார். உள்ள ஒங்க இஷ்டம்” என்றார். பாதி வெற்றிதான். ஒப்புக்கொண்டேன்.

உடை வரையும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யப் போகிறவளை முதலில் நினையுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டதாக நினைத்துத்தான் இதழை ஸ்டெல்லா டீச்சரிடம் கொடுத்தேன்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“காலு நல்லா வந்திருக்குண்ணே. ஆனா இம்புட்டு இறுக்கமாச் சட்டையப் போட்டுக்கிட்டு இந்தப் புள்ள கையத் தூக்குறது எப்படி?”

என் மனைவி சிரித்துவிட்டாள். அடுத்த இதழில் சட்டையைத் தளர்த்தினேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.