முடியோட ஒண்ணு, மொட்டையோட ஒண்ணு

ஆடி மாசம் புதுசா கட்டிக் குடுத்த பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைச்சிக்கினு வந்துடுவாங்க. மாப்பிள்ளை விருந்துக்கு வருவார். சாப்பிட்டுத் தனியா திரும்பிப் போவார். எங்க அக்காவுக்கு அது மொத ஆடி.

பாவா, அதான் அக்கா வீட்டுக்காரர், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் பொதட்டூர்பேட்டையில இருந்து பஸ்ல வந்து இறங்கினார். எல்லா மாப்பிள்ளையும் மாதிரி பழம், பூ, மிட்டாய் எல்லாம் வாங்கி வந்தார். கூடவே கழுத்துல ஒரு பென்டிரைவைக் கயிறு கட்டி மாட்டியிருந்தார். எங்க அம்மா அதைத் தாயத்துன்னு நெனச்சாங்க. மாப்பிள்ளைக்கு ராத்திரியில பயம் இருக்குதா என்னான்னு அக்காவை சமையல்கட்டுல மெதுவா கேட்டாங்க.

பாவா வீட்ல எல்லாரும் தறிக்காரங்க. அவர் மட்டும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை வெச்சிருந்தார். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் போவார். அங்க இவரை மாதிரி ஆளுங்க கூடுவாங்களாம். எல்லாரும் லினக்ஸ் ஆளுங்க. கம்ப்யூட்டர் ஓடணும்னா உள்ள ஒரு சிஸ்டம் வேணும். ஊரே ஒண்ணை வெச்சிக்கினு இருக்குது, இவங்க வேற ஒண்ணை வெச்சிருக்காங்க. அவ்வளவுதான் எனக்குப் புரிஞ்சது. வந்த அன்னைக்கு சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், வாடகை கேக்க வந்த வீட்டுக்காரர், ஒருத்தர் விடாம புடிச்சி வெச்சி சொன்னார்.

"இது யாருக்கும் சொந்தம் இல்லீங்க. எல்லாருக்கும் சொந்தம். நீங்க எடுத்துக்கலாம், இன்னொருத்தருக்குக் குடுக்கலாம். கோயில் பிரசாதம் மாதிரின்னு வெச்சிக்குங்க."

"என்கிட்ட கம்ப்யூட்டரே இல்லீங்களே மாப்ளே" என்றார் பால்காரர்.

"வாங்கறப்போ நெனப்பு வெச்சிக்குங்க."

நான் அப்போ அஞ்சாவது. எனக்குப் பெருமையா இருந்தது. எங்க பாவாவுக்குத் தெரியாத கம்ப்யூட்டரே இல்லைன்னு கூடப் படிக்கிற பொண்ணுங்க எல்லார்கிட்டயும் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

எங்க அப்பா, நைனான்னுதான் கூப்பிடுவோம், கோயில் மலையடிவாரத்துல ஒரு போட்டோ கடையில வேலை செஞ்சார். படிக்கட்டுக்குப் போற வழியில கடை. நேர்ந்துக்கினு மொட்டை போட வர்றவங்கதான் வாடிக்கை. மேல போறதுக்கு முன்னாடி முடியோட ஒண்ணு எடுப்பார். மொட்டை போட்டு சந்தனம் பூசிக்கினு இறங்கி வந்ததும் இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல வெச்சி பிரிண்ட் போட்டுக் குடுப்பாங்க. அந்தக் கடைக்கு அதுதான் பேர். கிருத்திகை அன்னைக்கு எனக்கும் அங்க வேலை உண்டு. சீப்பு, கண்ணாடி, பவுடர் டப்பா வெச்சிக்கினு நிக்கணும்.

அன்னைக்குக் காலையில கடை தொறந்ததும் கம்ப்யூட்டர் தொறக்கல. நீலமா ஏதோ வந்தது, போச்சு, மறுபடியும் வந்தது. சர்வீஸ் ஆள் அரக்கோணத்துல இருந்து வரணும். கூட்டத்துக்காக பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க, மதியம் ஆகும்னு போன்ல சொல்லிட்டார். வெளிய காவடியோட ஜனம் நின்னுக்கினு இருந்தது. முதலாளி தலையில கை வெச்சிக்கினார்.

எங்க நைனா எதுவும் தானா பேசறவர் இல்ல. அன்னைக்குப் பேசினார்.

"எங்க மாப்பிள்ளை பார்ப்பாருங்க."

நான் ஓடிப் போய் பாவாவை அழைச்சிக்கினு வந்தேன். பாவா கழுத்துல இருந்த பென்டிரைவை எடுத்து சொருகினார். கொஞ்ச நேரத்துல கம்ப்யூட்டர் தொறந்துக்கிச்சு. எதிர்ல பூக்கடை வெச்சிருந்த அம்மா உட்பட எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க.

"உங்க மெஷினுக்கு உள்ள எதையும் தொடலீங்க" என்றார் பாவா. "இதுல இருந்தே ஓடும். புடுங்கிட்டா வந்த சுவடே இருக்காது."

முதலாளிக்கு சந்தோஷம். நைனா படம் எடுக்க ஆரம்பிச்சார். கொஞ்சம் படம் சேர்ந்ததும் கேமராவுல இருக்கற கார்டை எடுத்து உள்ள குடுப்பார். படத்தை கம்ப்யூட்டர்ல ஏத்திக்குவாங்க. முதலாளி "ஏத்தியாச்சா?" ன்னு கேப்பார். "ஆங்" னு சொன்னதும் கார்டை அழிச்சிட்டு நைனாகிட்ட திருப்பிக் குடுத்துடுவார். எப்பவும் அங்க அதுதான் வழக்கம்.

பிரிண்டர் மட்டும் பாவா பேச்சைக் கேக்கல. இவர் கறுப்பா ஒரு ஜன்னலைத் தொறந்து என்னென்னமோ அடிச்சார். மெட்ராஸ் ஆளுங்களுக்குப் போன் போட்டார். அவங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. "பிரிண்ட் எல்லாம் மதியம் வாங்கிக்குங்க" ன்னு முதலாளி எல்லாருக்கும் சீட்டு குடுத்து மேல அனுப்பிக்கினு இருந்தார். அந்த நேரத்துல காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஒருத்தர் நிழலுக்கு ஒதுங்கினார். பாவா அவருக்கும் ஆரம்பிச்சிட்டார். சுதந்திரம், பிரசாதம், எல்லாம். போலீஸ்காரர் நல்லா தலையாட்டினார். நெழல் நல்லா இருந்தது.

அப்போ கரண்டு போச்சு.

ஒரு நிமிஷத்துல வந்துடுச்சு. ஆனா கரண்டு போனா தாங்கற யூபிஎஸ் பேட்டரியைத் திருவிழா ஸ்பீக்கர் செட்டுக்கு எடுத்துக்கினு போயிருந்தாங்க. கம்ப்யூட்டர் மறுபடியும் தொறந்தது. பாவா பார்த்தார். பார்த்துக்கினே இருந்தார். படம் ஒண்ணும் இல்ல. வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருந்தது.

அவர் சொன்னது நெசம்தான். வந்த சுவடே இல்ல. பென்டிரைவுல இருந்து ஓடறப்போ மெஷின் உள்ள இருக்கற டிஸ்க்குல வெச்சாதான் படம் நிக்கும். இவர் கண்ணுக்கு எதிர்ல திரையிலயே வெச்சிட்டார். அப்புறம் மாத்திக்கலாம்னு இருந்திருக்கார். போலீஸ்காரர் வந்துட்டார்.

ஊர்ல மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது. அதுவும் மொத ஆடியில. முதலாளிக்கும் அது தெரியும். அதனால பாவாவைப் பக்கத்துல நிக்க வெச்சிக்கினே எங்க நைனாவைத் திட்டினார்.

"இன்னாய்யா, உனக்கு அறிவு கீதா? கிருத்திகை அன்னைக்கு என் கடையில வெளையாட்டு காட்ட ஆள் இட்டுக்கினு வர்றியா? இத்தன வருசம் சோறு போட்டதுக்கு இதாய்யா?"

நைனா கேமராவைக் கையில புடிச்சிக்கினு நின்னார். பாவா, "தப்பு என்னுதுங்க" ன்னார். முதலாளி அவர் பக்கம் திரும்பவே இல்ல. "நீங்க இருங்க மாப்பிள்ளை" ன்னு மரியாதையா சொல்லிட்டு மறுபடியும் நைனாவைப் புடிச்சிக்கினார்.

பூக்கடைக்காரம்மா என்னைப் பார்த்து, "இன்னாடி, உங்க பாவா எல்லாருக்கும் சேர்த்து மொட்டை போட்டுட்டாரா?" ன்னாங்க. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. நான் பவுடர் டப்பாவைத் தொறந்து தொறந்து மூடினேன். பூமிக்குள்ள போயிடணும் போல இருந்தது.

மொட்டையோட இறங்கி வந்தவங்க பாதிப் பேர் சத்தம் போட்டாங்க. பாதிப் பேர், சாமிக்குச் செலுத்தினது செலுத்தியாச்சு, போட்டோ போனா போவுதுன்னு போயிட்டாங்க. ஒரு பொம்பளை மட்டும் போகல. நகரி பக்கத்துல இருந்து வந்தவங்க. மூணு வயசுல ஒரு பொண்ணு கொழந்தை. காலையில அந்தப் பாப்பாவுக்கு நான்தான் தலை சீவினேன். இடுப்பு வரைக்கும் முடி. பொறந்ததுல இருந்து கத்திரி படாத முடி. இப்போ மொட்டைத் தலையில சந்தனத்தோட அழுதுக்கினு இருந்தது.

"முடியோட இருந்தது அது ஒண்ணுதான்ணா. வேற போட்டோவே எடுக்கல" ன்னாங்க அந்தப் பொம்பளை நைனாகிட்ட. திட்டல. அப்படியே கடைக்கு எதிர்ல படிக்கட்டு ஓரமா கொழந்தையை மடியில போட்டுக்கினு உக்காந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர், "ஏமே, பஸ்ஸு போயிடும்" னு கூப்பிட்டார். அவங்க நகரல.

பாவா முதலாளிகிட்ட கேமரா கார்டைக் கேட்டார். அழிச்ச கார்டுதான். மாப்பிள்ளை கேட்டதால இல்லைன்னு சொல்ல முடியாம குடுத்துட்டார்.

வீட்டுக்கு வந்தோம். விருந்து ரெடியா இருந்தது. விஷயம் எங்களுக்கு முன்னாடியே வந்து சேர்ந்திருந்தது. அம்மா பாவாவுக்கு வடை மேல வடையா வெச்சாங்க. அவரும் வெச்சதை எல்லாம் சாப்பிட்டார். வேணாம்னு சொல்ற உரிமை அன்னைக்குத் தனக்கு இல்லைன்னு நெனச்ச மாதிரி சாப்பிட்டார். அக்கா தலையே நிமிரல. நைனா சோத்தைப் பிசைஞ்சிக்கினே இருந்தார்.

சாப்பிட்டுக் கை கழுவினதும் பாவா, பள்ளிக்கூடத்துல அக்காவுக்குக் குடுத்த இலவச லேப்டாப்பை எடுத்தார். மறுபடியும் அதே பென்டிரைவ். மறுபடியும் கறுப்பு ஜன்னல். எனக்கு அதைப் பார்க்கவே புடிக்கல. இன்னும் புத்தி வரலையான்னு நெனச்சேன்.

"மாமா, அழிச்சதுக்கு அப்புறம் இதுல எவ்வளவு எடுத்தீங்க?"

"கொஞ்சந்தான் மாப்ளே. ஏன்?"

"அழிச்சாலும் படம் உள்ளதான் இருக்கும் மாமா. இடம் காலின்னு மட்டும் எழுதி வெச்சிக்கும். வேற படம் வந்து அந்த எடத்துல உக்கார்ற வரைக்கும் அப்படியே இருக்கும்."

நைனா வந்து பக்கத்துல உக்காந்தார். எழுத்து ஓடிக்கினே இருந்தது. இந்தத் தடவை படத்தை எங்க வெக்கிறோம்னு பாவா திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொண்ணா வந்தது. யார் யாரோ வந்தாங்க. போன மாசத்துக் கல்யாணம் வந்தது. சிலது வெறும் சாம்பல். கடைசியில அந்தப் பாப்பா வந்தது. பாதிதான். தலை, முடி, முகம், தோள் வரைக்கும் இருந்தது. அதுக்குக் கீழ சாம்பல் பூசின மாதிரி ஒண்ணும் இல்ல.

"போதும். எழுந்திருங்க" ன்னார் நைனா.

கடைக்கு என்னையும் இழுத்துக்கினு போனாங்க. சர்வீஸ் ஆள் வந்து பழைய சிஸ்டத்தைப் போட்டு முடிச்சிருந்தார். பிரிண்டர் ஓடிக்கினு இருந்தது. பாவா கழுத்துக் கயித்துல கை வெச்சதும் முதலாளி நைனாவைப் பார்த்து, "யோவ், அத என் மெஷின்ல சொருக வேணாம்னு சொல்லு" ன்னு கத்தினார். பாவா கையை எடுத்துட்டார். அக்கா செல்லுலயும் படத்தை ஏத்தி வெச்சிருந்தார். அதை நீட்டினார். நைனா வெளிய போய் பாப்பாவை மொட்டையோட எடுத்துக்கினு வந்தார்.

"இன்னா சார்" ன்னார் சர்வீஸ் ஆள். "உங்க சிஸ்டத்துல பிரிண்ட் வர்லியா?"

"வர்ல" ன்னார் பாவா.

அவ்வளவு பேருக்கு மத்தியில அந்த ஒரு வார்த்தையை அவர் அப்படி சொன்னது எனக்குக் காதுல சுட்டது. ஊரெல்லாம் பேசினாரே. அதுக்கு இது தேவையா?

முடியோட ஒண்ணு, மொட்டையோட ஒண்ணு. ஒரே தாள்ல வந்தது. பாவாதான் எடுத்துக்கினு போய் அந்தப் பொம்பளைகிட்ட குடுத்தார். அவங்க வீட்டுக்காரர் பிடுங்கிப் பார்த்தார்.

"பாதி காணோமே. பட்டுப் பாவாடை எங்க?"

"பாவாடை பையில கீதுயா" ன்னாங்க அந்தப் பொம்பளை. "முடிதான் இல்ல. குடு இப்டி."

வாங்கி, போட்டோவுல முடி மேல விரலை வெச்சி கீழ வரைக்கும் தடவினாங்க. சாம்பல் ஆரம்பிக்கிற எடத்துல விரல் நின்னது. அப்புறம் முந்தானைக்குள்ள வெச்சிக்கினு எழுந்தாங்க. வீட்டுக்காரர் பாவாவைப் பார்த்து, "அழிச்சாச்சுன்னாங்களே, எப்டி வந்தது?" ன்னு கேட்டார்.

இதுக்குத்தான் அவர் பொறந்ததே. லினக்ஸ்னு ஆரம்பிச்சிருக்கலாம். முதலாளி, சர்வீஸ் ஆள், பூக்கடைக்காரம்மா, எல்லாரும் கேட்டுக்கினு இருந்தாங்க. பாவா வாயைத் தொறந்தார். திரும்பி நைனாவைப் பார்த்தார்.

"எங்க மாமா எடுத்த படம்ங்க. அதான் நின்னுது" ன்னார்.

பேசக் கூடாத எடத்துல எல்லாம் பேசினார்னு காலையில வெக்கப்பட்டேன். பேச வேண்டிய எடத்துல பேசலையேன்னு இப்போ அதுக்கும் சேர்த்து வெக்கப்பட்டேன்.

சாயங்காலம் பஸ் ஏத்திவிடப் போனோம். ஆடி மாசமாச்சே, அக்கா வீட்டு வாசலோட நின்னுட்டா. பாவா ஜன்னலோரம் உக்காந்தார். பஸ் கிளம்பறப்போ நைனா கிட்ட போய், "மாப்ளே, அத குடுத்துட்டுப் போங்க" ன்னார்.

பாவா அவரைப் பார்த்தார். அப்புறம் பென்டிரைவைக் கயிறோட கழட்டிக் குடுத்தார். நைனா வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கினார். பிடுங்கிக்கினார், இனிமே எங்கயும் போய் சொருகக் கூடாதுன்னு பிடுங்கிக்கினார்னு நெனச்சேன். மாப்பிள்ளைகிட்ட இருந்து இப்படியா வாங்குவாங்கன்னு எனக்கு பஸ் பக்கமே பார்க்க முடியல.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு நைனா விடியறதுக்குள்ள குளிச்சார். விபூதி வெச்சார். கேமரா பையை எடுத்துக்கினார். அப்புறம் அலமாரியில இருந்து அந்தப் பென்டிரைவை எடுத்து, கயிறைத் தலை வழியா கழுத்துல மாட்டி, சட்டைக்கு உள்ள விட்டுக்கினார். அம்மா பார்த்துட்டு, கயிறு வெளிய தெரியாம காலரை இழுத்துவிட்டாங்க. வீட்ல விட்டா பாவா வந்து எடுத்துடுவார்னு பயந்துதான் கூடவே எடுத்துக்கினு வர்றார்னு நான் நெனச்சேன். அந்த வருஷமும் தலையைக் குனிஞ்சிக்கினேதான் அவர் பின்னால கடைக்குப் போனேன்.