கவிழ்த்துப் போட்ட பேனர்

மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் தேவாலயத்தின் மாதர் சங்கத்துக்கு அப்போது அம்மாதான் தலைவி. சபைச் செயலாளர் அம்மாவின் மூத்த அண்ணன், எனக்கு மாமா. அதனால் சபையில் மூளும் சண்டையெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் முடியும்.

அந்த ஆண்டு, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர்மேல் மட்டை விழுந்து இடுப்பு நொறுங்கிப்போயிற்று. அவருடைய மகள் என் வகுப்பு. அவர்கள் எங்கள் சபைக்காரர்கள் இல்லை. இருந்தாலும் மாதர் சங்கம் உருளைக்கிழங்கு மசாலா வைத்த கறிபாப் பொரித்து விற்று அந்தக் குடும்பத்துக்கு உதவுவதென்று முடிவாயிற்று.

மாமா உடனே பேனர் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். ஆறடி நீளம். பாயில் கிடக்கும் அப்பா, பக்கத்தில் கிழிந்த சட்டையோடு மகள். ஆறுதல் சொல்லப் போனபோது கைப்பேசியில் எடுத்த படம். ஞாயிறன்று தாயையும் மகளையும் மேடையேற்றி உதவியை ஒப்படைப்பது அவர் திட்டம். எனக்கு வயிறெரிந்தது. என் படம் எந்தப் பேனரிலும் வந்ததில்லை.

அம்மா பேனரைச் சுருட்டிக்கொண்டு, என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி, தோட்டத் தொழிலாளர் லயத்தில் அடிபட்டவர் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்காரம்மா பேனரை வெகுநேரம் பார்த்தார்.

“அரிசி பருப்பு வேணாங்கல அக்கா. கையெடுத்துக் கும்புட்டு வாங்கிக்கிறேன். ஆனா எம்புள்ளைய மேடையில ஏத்தாதீங்க. திங்கக்கெழம அது ஸ்கூலுக்குப் போவணும்.”

கதவோரம் நின்ற என் வகுப்புத் தோழி என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அது திமிராகத்தான் தெரிந்தது.

அன்று மாலை மாமா வீட்டுக்கு வந்தார். “படம் இல்லாம எவன் நம்பி வாங்குவான்? பேனர் இல்லன்னா சபை ஹால் இல்ல. அவ்ளோதான்லா.”

“அப்ப ஹால் வேணாம்ணே” என்றாள் அம்மா.

ஞாயிறு காலை ஹாலில் பூட்டுத் தொங்கியது. அம்மாவும் ஆறு பெண்களும் கேட்டுக்கு வெளியே சாலையோரம் மேசை போட்டு, கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார்கள். மேசை அழுக்காக இருந்தது. அம்மா பேனரை எடுத்துவந்து, படம் கீழே போகும்படி கவிழ்த்து விரித்தாள். வெள்ளை முதுகின்மேல் சுடச்சுடத் தட்டுகள் ஏறின. ஆராதனை முடிந்ததும் சனம் வாசனை பிடித்துக்கொண்டு வந்து மொய்த்தது. பின்னாலேயே மாமா வந்தார்.

“யாரக் கேட்டு இங்க கடை போட்ட?”

“ரோட்டுல நிக்க யாரக் கேக்கணும்ணே? சூடா இருக்கு. எத்தன வேணும்?”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமாவின் முகம் கறுத்துப்போயிற்று. மதியத்துக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அன்றே பெண்கள் சாமான் வாங்கி லயத்துக்குக் கொண்டுபோனார்கள். யாரும் கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை.

அடுத்து வந்த மாதர் சங்கத் தேர்தலில் அம்மாவின் பெயரை ஒருவரும் முன்மொழியவில்லை. அந்த ஆறு பெண்களும் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கடைசி வரிசைக்குப் போனாள். அங்கிருந்தே எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

அதன்பிறகு சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டு அரிசியில் ஒரு பை மோட்டாரின் முன்னால் ஏறும். பின்னால் நான். சங்கத்து வேலைகள் ஓய்ந்து அம்மா எனக்கே எனக்காகக் கிடைத்துவிட்டாள் என்று நினைத்து, லயம்வரை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு போவேன். சபையில் யாரும் அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது.