சூடம் அடித்த கை

“பிள்ளைக்கு இளைப்பு எப்படி இருக்கு அத்தே?”

அக்கா புருஷன் போனில் என் அம்மாவிடம் கேட்டது இதுதான். சாயங்கால நேரம். அம்மா குசினியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது. குரலில் கோபம் இல்லை, போதை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரிப்பது மாதிரி இருந்தது. அம்மா, “எந்தப் பிள்ள? எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று உளறிவிட்டு முழங்கையாலேயே போனை அமர்த்தினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா அவனை விட்டுக் கிளம்பியபோது அவள் மகளுக்கு இந்த மூச்சு இளைப்பே கிடையாது. காம்பாருக்குப் போன பிறகுதான் வந்தது. அது தெரிந்தவர்கள் அக்கா, அம்மா, நான். அவ்வளவுதான். அக்கா காம்பாரில் இருப்பதும் எங்கள் மூவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அத்தை மாமா வீடுகளில் கேட்டால், “கோலாலம்பூர் பக்கம் வேலைக்குப் போயிருக்கா” என்று மழுப்பிக்கொண்டிருந்தோம்.

ஏன் இந்த ஒளிவுமறைவு என்றால், அடி. கடைசி முறை பிள்ளையின் கண்முன்னாலேயே அக்காவின் கழுத்தைப் பிடித்தான். போலீஸ் பாலாயில் ரிப்போட் கொடுத்தோம். கிட்டே வரக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவும் வாங்கினோம். அந்தத் தாளைக் கையில் வாங்கிய அன்றைக்குத்தான் அவன் என் அம்மாவிடம் சொன்னான்: “எங்க வேணா அனுப்புங்க அத்தே. கண்டுபிடிச்ச அன்னிக்கு அவ இருக்க மாட்டா.” கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னான். நாங்கள் அதை நம்பினோம். இன்றும் நம்புகிறேன்.

காம்பாரைத் தேர்ந்தெடுத்தது நான். பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், மாணவர்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள், புது முகத்தை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். ஒரு கடை வீட்டின் பின்னால் அறை கிடைத்தது. எதிர்ப்பக்கம் ஒரு சீன அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் அக்காவுக்கு வேலை. சாலையைக் கடந்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

“உன் வாயில என்னடி நிக்கும்?” அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“ஆமா, கோயில் மைக்குல அறிவிப்பு கொடுத்தேன்!”

“கண்ணாடிக் கடையில நாள் முழுக்க உக்காந்து பேசுறவதானே நீ. ஒருத்திகிட்டயாவது சொல்லியிருப்ப.”

எனக்கு ஈப்போவில் மூக்குக்கண்ணாடி விற்கும் கடையில் வேலை. பேசாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆனால் எதைப் பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்று தெரியாத கழுதையா நான்? மடித்துக்கொண்டிருந்த துணியை விசிறி எறிந்தேன். “வாம்மா கோயிலுக்கு. சூடம் அடிக்கிறேன்.”

எங்கள் ஆட்களிடம் இது இன்னும் உண்டு. ரப்பர் தோட்டம் போய்விட்டது, கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள், செம்பனையையும் சாய்த்து வரிசை வீடு கட்டினார்கள், அதில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். முனியாண்டியை மட்டும் நகர்த்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கார் கழுவும் கடைக்கும் பெரிய சாக்கடைக்கும் நடுவில் அவர் அரிவாளோடு நிற்கிறார். தோட்டத்து லய வீடுகளில் இருந்த காலத்தில் கோழி காணாமல் போனாலும், யாராவது யாரையாவது பற்றிக் கதை கட்டினாலும், சந்தேகப்பட்டவர் அவர் முன்னால் சூடம் கொளுத்திக் கையால் அடித்து அணைக்க வேண்டும். அடித்துவிட்டால் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. அதுதான் முறை.

சூடத்தைக் கொளுத்திக் கல்லில் வைத்தேன். “அக்கா இருக்கிற எடத்தப் பத்தி, பிள்ளையப் பத்தி, நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா என் நாக்கு அழுகட்டும்.” ஓங்கி அடித்தேன். சட்டென்று அடித்துக் கையை எடுத்துவிட வேண்டும், சுடாது. எனக்கிருந்த ஆத்திரத்தில் அப்படியே அழுத்திக்கொண்டு நின்றேன். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்தாள். “பைத்தியக்காரி, பைத்தியக்காரி” என்று அழுதாள். பிறகு என் கண்ணைப் பார்க்காமல் இன்னொரு சூடத்தைக் கொளுத்தி அவளும் அடித்தாள்.

ஆக நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சொன்ன வாய் எது என்று தெரிந்தால் மூடலாம். வீடு திரும்பும் வழியில் எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். வாசலில் மீன் வண்டிக்காரர் அம்மாவிடம், “பேத்தி எப்படிக்கா இருக்கு?” என்று வழக்கம்போல் கேட்டதற்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏன், உங்களுக்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன். பாவம், அந்த மனிதர் பாக்கிச் சில்லறையைக்கூட வாங்காமல் போனார்.

மறுநாள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. கண்ணாடிச் சட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கைத் தீப்புண்ணுக்கு என்ன தடவலாம் என்று கைப்பேசியில் தேடி, ஒரு களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டேன்.

சில நாள் கழித்து, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் கிரில் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே சிறு பிள்ளைகள் இளைப்பு மருந்தை ஆவியாக இழுக்க முகத்தில் வைக்கும் மூடி. மீன் முகம் வரைந்த, ரோஜா நிற மூடி.

அம்மா, “யாரு மாட்டுனது?” என்று கேட்டாள். நான் செருப்பு வைக்கும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மீன் மூடியை எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்திருந்தேன். சம்பளம் வந்ததும் வாங்கிப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், திடீரென்று நீட்டினால் சிரிப்பாள் என்று நினைத்து அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. உயிருள்ள எவரிடமும் சொல்லவில்லை.

கைப்பேசியை எடுத்தேன். இணையப் பக்கங்களைத் திறக்கும் அந்த உலாவிச் செயலியில், முன்பு பார்த்தவற்றின் வரிசை என்று ஒன்று இருக்கும் அல்லவா, அதைத் திறந்தேன். அதுவரை நான் திறந்ததே இல்லை. கோலம், சீரியல், தீப்புண் களிம்பு, காம்பாரில் பிள்ளைகள் டாக்டர், மீன் மூடி, எல்லாம் நான் பார்த்தவை. நடுநடுவே நான் பார்க்காதவை. ஈப்போவிலிருந்து காம்பாருக்கு பஸ். காம்பார் பள்ளிக்கூடம் விடும் நேரம். அந்தப் பள்ளிக்கூட வாசலின் படம், சாலையில் நின்று பார்ப்பதுபோல. கடைசியாக இருந்தது அன்று காலையில் பார்த்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு கைப்பேசியின் பெயர் இருந்தது. அவன் பெயர்.

அட கடவுளே, இவ்வளவுதானா!

கல்யாணமான புதிதில் அவன் ஹேண்ட்போன் கடையில் வேலை செய்தான். தீபாவளிக்கு எங்கள் எல்லாருக்கும் போன் வாங்கிக் கொடுத்தான். அம்மாவின் போன், அக்காவின் போன், என் போன், எல்லாவற்றுக்கும் அவனே ஒரு இமெயில் திறந்தான். “ஒரு குடும்பத்துக்கு ஒரு இமெயில் போதும்லா. படம் எல்லாம் எல்லாருக்கும் வரும்.” படம் வந்தது. எங்களுக்குச் சந்தோஷம். மாப்பிள்ளை செய்து கொடுத்ததை மாற்றுவது மரியாதையும் இல்லை, மாற்றத் தெரியவும் தெரியாது. செயலி ஏதோ கேட்டபோதெல்லாம் சரி, சரி என்று அழுத்தினோம். அக்கா போன பிறகு கிரில் பூட்டை மாற்றினோம். அவள் பழைய போனை இங்கேயே போட்டுவிட்டுப் புது போன், புது நம்பர் வாங்கினாள். என் கையில் இருந்ததைப் பற்றி ஒருத்தரும் நினைக்கவில்லை. வாயைப் பூட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாக நானே அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முனியாண்டி முன்னால் சூடம் வேறு அடித்தேன்.

அம்மாவின் போனையும் தொட பயமாக இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தெரிந்தவர் காரில் ஏறிக் கடைக்குப் போய், கடைத் தொலைபேசியிலிருந்து அக்காவை அழைத்தேன். “அக்கா, பிள்ளையப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்பு. அவனுக்குத் தெரிஞ்சிருச்சு. என் போன்தான்கா, என் போன்தான்.” மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எங்கக்கா போவ?”

“அதை நீ கேக்காத.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“சொல்ல மாட்ட. தேடுவ. பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீ மொதல்ல அந்தப் போனைத்தானே எடுப்ப? நீ தேடுனா அவனுக்குத் தெரியும். வேணாம் பாப்பா. என்னைத் தெரிஞ்சிக்காத.” அவ்வளவுதான் பேசினாள்.

சாயங்காலம் அந்தச் சீன அம்மாவின் கடைக்கு அழைத்துக் கேட்டேன். அக்கா காலையிலேயே போய்விட்டாள் என்றார். பிறகு, மதியம் ஓர் ஆள் வந்து பால் இல்லாத கோப்பி ஓ வாங்கிவைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலைப் பார்த்தபடியே கடை மூடும் வரை உட்கார்ந்திருந்தான், உனக்குத் தெரிந்தவனா என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த இமெயிலிலிருந்து வெளியேற ஒரு பொத்தான் இருக்கிறது. விரலை அதன் மேல் வைத்துவிட்டு எடுத்தேன். நான் வெளியேறினால் அவனுக்குத் தெரிந்துவிடும். உள்ளேயே இருந்தால் அவன் எங்கே தேடுகிறான் என்று எனக்கும் தெரியும். அதோடு எனக்கு ஒரு வீம்பும் வந்தது. இருடா மவனே, என் விரலைத்தானே கேட்கிறாய், கேள்.

லூமுட் என்ற கடலோர ஊரைத் தேட ஆரம்பித்தேன். லூமுட்டில் வாடகை அறை. லூமுட்டில் பிள்ளைகள் டாக்டர். பங்கோர் தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு. படகுத்துறைப் பக்கம் சாப்பாட்டுக் கடையில் வேலை. தினமும் மதியம், சோற்றைப் பிசைந்துகொண்டே, இன்னும் ஆறாத கையால் பொய்யைத் தட்டினேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, வரிசையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் லூமுட் போகும் சாலை வந்தது. பிறகு படகுத்துறையின் படம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓடு, வெயிலில் ஓடு என்று சத்தமாகவே சொன்னேன். கடை முதலாளி எட்டிப் பார்த்தார்.

ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது அவன் மட்டும் இல்லை. என் போனில் எதைத் திறந்தாலும் லூமுட் ஓட்டல் விளம்பரம் வந்தது. அம்மாவின் போனில் வந்தது. கூடத்து டிவியில் அம்மா பக்திப் பாட்டுப் போட்டால் அதற்கு முன்னால் பங்கோர் கடற்கரை வந்தது. “என்னடி இது, எதப் போட்டாலும் லூமுட்டு?” என்றாள் அம்மா. அதற்கு முன்பு இதே டிவியில் இளைப்பு மருந்து விளம்பரமும், காம்பாரில் வாடகை அறை விளம்பரமும் வந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் தெரியாத எவனெவனோ எங்கள் பிள்ளைக்கு இளைப்பு என்று தெரிந்துவைத்திருந்தான், அவள் அப்பனுக்கும் முன்னால். நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம்.

ஒரு மதியம் வழக்கம்போல வரிசையைத் திறந்தேன். மேலே அவன் புதிதாகத் தேடியது ஒன்று இருந்தது. ஊர்ப் பெயர் இல்லை, படம் இல்லை. தேடும் கட்டத்தில் எழுதியிருந்தான். எனக்குத்தான் எழுதியிருந்தான், நான் தினமும் படிக்கிறேன் என்று அவனுக்கு எப்போதிலிருந்து தெரியுமோ.

“லூமுட்ல இல்லன்னு எனக்குத் தெரியும்லா கொழுந்தியா.”

அதற்குக் கீழே இன்னொன்று.

“உள்ளங்கை ஆறிடுச்சா?”

போனை மேசையில் கவிழ்த்துப் போட்டேன். எழுந்து கடையின் முன்பக்கம் வந்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். அவன் இல்லை. அன்றைக்கு இல்லை.

அந்தப் போனைப் பிறகு உடைத்துப் போட்டேன். அம்மாவினுடையதையும் உடைத்தேன். இப்போது பொத்தான் போன்தான் வைத்திருக்கிறோம். கடைக்குப் போகும் பாதையை அடிக்கடி மாற்றிக்கொள்கிறேன். அவன் இன்னும் ஈப்போவில்தான் இருக்கிறான். அம்மாவுக்கு எப்போதாவது போன் செய்து ஒன்றும் பேசாமல் வைக்கிறான். அவன் தேடிக்கொண்டிருக்கிறான் என்றால் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த மௌனமான போன் வந்தால் அம்மா சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறாள்.

அக்கா எங்கே என்று எனக்குத் தெரியாது. இன்றைக்குச் சூடம் அடிக்கச் சொன்னால் கை சுடாமல் அடிப்பேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது. காலையில் குளிர் அடிக்கிறது. அம்மா குசினியில் நின்றபடி, யாரைக் கேட்கிறாள் என்று இல்லாமல், “பிள்ளைக்கு இளைப்பு எப்படி இருக்கோ?” என்கிறாள். அவன் கேட்ட அதே கேள்வி. வீட்டில் தேடிப் பார்க்கிற மாதிரி ஒரு போன்கூட இல்லை.