வீரம்மாவின் சும்மா இராத கை

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் வீரம்மாவின் கை படாத சாக்கடை ஓரம் கிடையாது. சிமெண்டு வெடிப்பில் ஒரு பச்சை தலை நீட்டினால் போதும், குனிந்து பிடுங்கி, வேர்மண்ணை உதறிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். கோயில் வாசலில் சாமி கும்பிட்ட கை கீழே இறங்குவதற்குள் ஒரு புல்லைப் பறித்திருக்கும். பக்கத்து வீட்டு ராக்காயி ஆசையாக வளர்த்த புதினாவைக்கூட ஒருநாள் வேரோடு எடுத்துவிட்டாள்.

"ஏன்க்கா, உங்க கைக்கு ஒரு பூட்டுப் போடக் கூடாதா லா?" என்று ராக்காயி கத்தினாள்.

வீரம்மா என்ன செய்வாள்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பத்து காஜா ஊருக்கு அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பாவாடை கட்டிய வயதிலேயே புல் பிடுங்கும் வேலைக்குப் போனவள் அவள். பால்மரத்தடியில் புல் என்று ஒன்று இருக்கவே கூடாது. கங்காணி பின்னாலேயே வருவார். ஒரு துளிர் விட்டுப்போனாலும் வாய்க்கு வந்தபடி ஏசுவார். முளைத்திருப்பது என்ன, எதன் கன்று என்று விசாரிக்கிற வேலை இல்லை அது. சின்னதாக, பச்சையாக இருந்தால் பிடுங்கு. அவ்வளவுதான்.

எழுபத்து நாலாம் வருஷம் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். மகன் ராஜுவுக்கு ஈப்போவில் பஸ் கண்டக்டர் வேலை கிடைக்க, அவனோடு வந்துவிட்டாள். பலகை வீடு, சிமெண்டு முற்றம். விடியுமுன் பெரட்டு மணிக்கு எழுந்து, ஆள் கணக்குக் கொடுக்க ஓடிப் பழகிய உடம்பு, இங்கே போக இடமில்லாமல் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது.

மருமகள் நல்லம்மாள் தையல் ஆலையில் வேலை செய்தாள். கலகலப்பான பெண். அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவளைத் தேற்றுவதாக நினைத்து வீரம்மா வாயைத் திறந்தாள்.

"நானுந்தான் ரெண்டைப் புதைச்சேன். மூணாம் நாளே பெரட்டுக்குப் போயிட்டேன். எந்திரிம்மா."

நல்லம்மாள் எழுந்தாள். குளித்தாள், சோறு ஆக்கினாள், விடுப்பு முடிந்ததும் வேலைக்கும் போனாள். ஆனால் பேச்சு நின்றுபோயிற்று. எதைக் கேட்டாலும் 'ம்'. ராஜு சினிமாவுக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். அதற்கும் 'ம்', ஆனால் புடவை மாற்றவில்லை. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது தான்தான் என்று வீரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். மன்னிப்புக் கேட்கத்தான் தெரியவில்லை. தோட்டத்தில் யாரும் யாரிடமும் அதைக் கேட்டுப் பழக்கமில்லை. இந்தப் பெண் வாயைத் திறந்து பேசிவிட்டால் போதும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

அப்போதுதான் ஆலைத் தோழி, ஒரு சீனப் பெண், நல்லம்மாளுக்கு ஒரு பொட்டலம் விதை கொடுத்தாள். அலிசம் என்று பேராம். கேமரன் மலையில் அவளுடைய அக்காள் வளர்க்கிறாளாம். தரையோடு படர்ந்து, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ, கிட்டே போனால் தேன் வாசம். வெள்ளை ரவையை விடச் சின்ன விதை. தும்மினால் பறந்துவிடும்.

நல்லம்மாள் பால் டின்களுக்கும் மைலோ டின்களுக்கும் அடியில் ஆணியால் ஓட்டை போட்டாள். மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து நிரப்பினாள். விதையை மேலே தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்தினாளே தவிர, மண் போட்டு மூடவில்லை.

வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த ராக்காயிக்குப் பொறுக்கவில்லை. புந்தோங்கில் எல்லாரும் தவுகே என்கிற முளைப்பயறு வளர்த்துப் பழகியவர்கள். "மூடி வையி புள்ள! இருட்டுலதான் முளைக்கும்."

"இது தவுகே இல்லக்கா. இதுக்கு வெளிச்சம் வேணும்," என்றாள் நல்லம்மாள்.

வீரம்மா அடுப்படியில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு முழு வார்த்தை!

ஒரு வாரத்துக்குள் டின்களில் பச்சை தெரிந்தது. நூல் தண்டு, ஆளுக்கு இரண்டு இலை. நல்லம்மாள் அவற்றைக் காலை வெயில் படும் இடத்தில் வைப்பாள். மத்தியான வெயிலுக்கு முன்னால் தாழ்வாரத்துக்கு நகர்த்தச் சொல்லிவிட்டுப் போவாள். "தண்ணிய ஊத்தாதீங்க அத்தே, தெளிங்க. வேரு மிதந்துரும்." அத்தே என்றாள்! வீரம்மா கோழியை விரட்டினாள், பூனையை விரட்டினாள், ராக்காயியையும் விரட்டினாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிக் காவல் இருந்ததில்லை.

ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வீரம்மா டின்களைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட்டு, அவற்றின் முன்னால் குந்தினாள். மழை வருமுன் அடிக்கிற அந்தப் புழுக்கம் அவளை என்னவோ செய்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது? 'நல்லம்மா, அன்னைக்கு நான் சொன்னது...' வேண்டாம். 'ஏம்மா, என் மேல கோவமா?' சே, அவள் 'ம்' என்றுவிட்டால்? 'நான் படிக்காதவ, வாய்க்கு வந்தத...' மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, நல்லம்மாளுக்காகத் தானே பதில் சொல்லி, தானே அழுதுகொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டதும்தான் நினைவு வந்தது. குனிந்து பார்த்தாள்.

மடி நிறையப் பச்சை. டின்களில் வெறும் மண். கங்காணி பார்த்தால் சபாஷ் போட்டிருப்பார், அவ்வளவு சுத்தம்.

அவள் விரலால் குழி பண்ணி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். முடியை விட மெல்லிய வேர். நிறுத்த நிறுத்தச் சாய்ந்தது. வேலை முடிந்து நனைந்துகொண்டே நல்லம்மாள் வந்தபோது, வீரம்மா இன்னும் நட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நல்லம்மாள் டின்களைப் பார்த்தாள். மாமியாரின் கையைப் பார்த்தாள்.

"சின்னதா இருந்தா பிடுங்கிப் போட்டுருவீங்களா?" என்று கத்தினாள். "அதுக்கு உசுரு இல்லியா? நீங்க மூணாம் நாளே பெரட்டுக்குப் போவீங்க. நீங்க கல்லு! என்னால முடியல. தெனமும் மிஷின்ல உக்காந்துகிட்டு, துணி தெரியாம, அது மூஞ்சி மட்டும் தெரியுது. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளாச்சும் அதப்பத்திக் கேட்டீங்களா? நான் பேரு வெச்சிருந்தேன் அத்தே!"

மழைச் சத்தத்தையும் மீறி அது தெருவுக்கே கேட்டது. பிறகு அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அழுதாள். பொட்டலத்தில் பாக்கி விதை இருந்தது, அது ஆண்டுக் கடைசிக் குளிரில் முளைத்துப் பூக்கவும் செய்தது. ஆனால் அன்றைக்கு வீரம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"என்னா பேரும்மா வெச்சிருந்த?" என்றுதான் கேட்க வந்தது.

நல்லம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கலைவாணி."

"கலைவாணி," என்று வீரம்மா சொல்லிப் பார்த்தாள். மருமகளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "என் ரெண்டுக்கும் நான் பேரே வெக்கலம்மா. ஒண்ணு பொண்ணு, ஒண்ணு பையன். வெக்கணும்னே தோணல. அதுக்குள்ள பெரட்டு மணி அடிச்சிருச்சு."

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நல்லம்மாள் மண் ஒட்டிய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப வெக்கலாம், அத்தே."